பிரேக் பெடல் கல்லாக நிற்கிறதா? பூஸ்டரை மாற்றும் முன் வேக்குவத்தை அளந்து பாருங்கள்

போன மழைக்காலத்தில் குமரி மாவட்டம் குலசேகரத்தில் இருந்து ஒரு தம்பி தன் காரை எடுத்துக்கொண்டு தக்கலைக்கு என்னிடம் வந்தான். 1.6 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், இருபது வருஷத்துக்கு மேலான வண்டி. ஹெட் வேலை பார்த்து, வால்வுகளைத் திறக்கிற கேமை மாற்றி, எக்ஸாஸ்ட் மாற்றி ஆசையாக வைத்திருந்தான். "அண்ணே, முதல் மிதிக்கு பிடிக்குது, ரெண்டாவது மிதிக்கு கல்லு மாதிரி நிக்குது" என்றான். பிரேக் மிதிக்கு உதவுகிற பூஸ்டரை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, ஒன்று புதுசு, ஒன்று பழசு. காசு போனதை விடுங்கள், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன பஸ்ஸுக்கும் இவன் பம்பருக்கும் ஒரு சாண்தான் இருந்தது என்று அவன் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டு பூஸ்டர் மாற்றிய யாரும் வேக்குவத்தை, அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுவையை, ஒரு கேஜ் மாட்டி அளந்து பார்க்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பூஸ்டர் தானாக எந்த பலத்தையும் உண்டாக்குவதில்லை. பெரிய தகர டப்பா, நடுவில் ஒரு ரப்பர் டயஃப்ரம். எஞ்சின் இரண்டு பக்கத்திலும் காற்றை இழுத்து வைத்திருக்கும், நீங்கள் மிதிக்கும்போது பெடல் பக்கத்தில் மட்டும் வெளிக்காற்று உள்ளே வரும், அந்த அழுத்த வித்தியாசம்தான் பிரேக் ஆயிலை சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. சுமார் 23 செ.மீ. விட்டமுள்ள டயஃப்ரம் என்று வைத்துக்கொண்டால், 18 இன்ச் வேக்குவத்தில் கிட்டத்தட்ட 250 கிலோ பலம் கிடைக்கும். அதே டப்பாவுக்கு 10 இன்ச் மட்டும் கொடுத்தால் 140 கிலோதான். பூஸ்டர் புதுசோ பழசோ, கணக்கு மாறாது. இன்ச் என்று நான் எழுதுவதெல்லாம் பாதரச இன்ச், கேஜில் அப்படித்தான் போட்டிருக்கும்.

முதலில் கேஜ் இல்லாமல் செய்யக்கூடிய மூன்று சோதனை. சமதளத்தில் நிறுத்தி, டயருக்கு முட்டுக்கல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிப்போகும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல் அளவு தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்குவம் வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டர் வேலை செய்யவில்லை. அடுத்தது, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, பிரேக்கைத் தொடாமல் அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகப் போக வேண்டும், இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக மேலே நிற்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் டப்பாவில் வேக்குவம் தங்கவில்லை. மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்துக்கொண்டே சாவியை அணைத்து, முப்பது விநாடி காலை எடுக்காமல் இருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டருக்குள் கசிவு. இந்த மூன்றும் சரி என்றால் பூஸ்டரைச் சந்தேகப்படாதீர்கள்.

அப்புறம் கேஜ். பூஸ்டருக்குப் போகிற ஓஸில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு மாட்டுங்கள். அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: காற்றை எஞ்சின் பக்கம் மட்டும் போகவிடுகிற ஒன்-வே வால்வுக்கு முன்னால், அதாவது எஞ்சின் பக்கம் ஒரு முறையும், வால்வுக்குப் பின்னால் பூஸ்டர் பக்கம் ஒரு முறையும் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கம் நன்றாக இருந்து பூஸ்டர் பக்கம் குறைவாக இருந்தால் கோளாறு நடுவில், ஓஸிலோ வால்விலோ இருக்கிறது. எஞ்சின் பக்கமே குறைவு என்றால் பூஸ்டரைத் தொடவே வேண்டாம். மாற்றம் எதுவும் செய்யாத பெட்ரோல் எஞ்சின் நம்மைப் போல கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, 17 முதல் 22 வரை ஊசி ஆடாமல் நிற்கும்.

இனி அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

ஹைவேயில் பிரேக் அருமை, நெரிசலில் கல்

கேம் மாற்றிய வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், தம்பியின் வண்டியும் இதேதான். டியூரேஷன் கூடிய, அதாவது வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் அதிகம். ஐடிலில் அந்த நேரத்தில் எரிந்த புகை இன்டேக் பக்கமே திரும்பி ஏறும், எஞ்சினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டில் இழுவை குறையும். கேஜில் 10, 12 என்று காட்டும், ஊசியும் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் 4000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வழியில் உள்ள த்ராட்டில் மூடி எஞ்சின் பலமாக இழுக்கும், ஊசி 20ஐத் தாண்டும், பூஸ்டர் நிறைந்துவிடும். அதனால்தான் ஆரல்வாய்மொழி பக்கம் நாலு வழிச்சாலையில் பிரேக் பிரமாதமாக இருக்கும், மண்டே மார்க்கெட்டில் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து மூன்று முறை மிதித்தால் கல்லாகிவிடும். பாதுகாப்பாக நிற்க வேண்டுமானால் பூஸ்டருக்கு 15க்கு மேல் வேண்டும், 18 இருந்தால் நிம்மதி.

கியர் குறைக்கும்போது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு தட்டிலும் த்ராட்டில் திறக்கிறது, வேக்குவம் விழுகிறது. இருப்பு குறைவாக உள்ள வண்டியில் அது காலில் தெரியும்.

இதற்கு என்ன செய்யலாம்? முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள், கேம் மாற்றிய பிறகு ஐடிலில் கொஞ்சம் அட்வான்ஸ் கூட்டினாலே, அதாவது ஸ்பார்க்கை முன்கூட்டி வர வைத்தாலே ஒன்றிரண்டு இன்ச் ஏறும். ஐடிலை 850இல் இருந்து 1000க்குக் கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம். கேம் இன்னும் வாங்கவில்லை என்றால் லோப் செபரேஷன், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் கேம் மேடுகளுக்கு நடுவே உள்ள கோணம், 112, 114 டிகிரி உள்ளதைக் கேளுங்கள், 106, 108 உள்ளவை ஐடிலில் கேட்க நன்றாக இருக்கும், வேக்குவத்தைத் தின்றுவிடும். வேக்குவம் டேங்க் வைக்கச் சொல்வார்கள். டேங்க் இருப்பைக் கூட்டும், அளவைக் கூட்டாது. எஞ்சின் 11தான் இழுக்கிறது என்றால் டேங்கிலும் 11தான் இருக்கும். ஹைவேயில் நிறைந்த 20ஐ அது கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், ஆனால் அரைமணி நேர நெரிசலுக்குப் போதாது. அதற்கு எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப்தான் என் பதில்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் பாடி போட்டவர்கள் ஒரே ரன்னரில் (ஒரு சிலிண்டருக்குப் போகிற காற்றுக் குழாயில்) இருந்து ஓஸ் எடுத்தால் துடிப்புதான் கிடைக்கும். நாலில் இருந்தும் சின்னக் குழாய் எடுத்து ஒரு பொதுக் குழாயில் சேர்த்து, அங்கிருந்து பூஸ்டருக்குக் கொடுங்கள்.

எஞ்சின் நன்றாக இழுக்கிறது, பூஸ்டருக்கு மட்டும் வரவில்லை

ஓஸ். வெளியில் பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். தம்பியின் வண்டியில் எஞ்சின் பக்கம் 11, பூஸ்டர் பக்கம் 7. ஓஸைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறினேன். வெளி ரப்பரில் கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த அடுக்கு உரிந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தூக்கினால் எழுந்து நின்றது, விட்டால் மெதுவாகப் படுத்தது. எஞ்சின் இழுக்கும்போது அந்த நாக்கு போய் ஓட்டையை மூடிக்கொள்ளும், அணைத்தால் திறந்துகொள்ளும், அதனால் வாயால் ஊதிப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது. இரண்டு பூஸ்டரும் மாறியது, இந்த ஓஸ் மாறவே இல்லை.

மாற்றும்போது வேக்குவத்துக்கு என்றே வருகிற, உள்ளே நூல் பின்னிய ஓஸ்தான் வேண்டும். கடையில் அந்த நேரத்தில் கிடைத்தது என்று தண்ணீர் ஓஸோ மெல்லிய பெட்ரோல் ஓஸோ போட்டால், சூட்டில் இளகி உறிஞ்சும்போது சப்பிப்போகும். ரப்பர் பால் வெட்டுகிற ஊர் நம்முடையது, ரப்பரில் எண்ணெய் பட்டால் ஊதிக்கொள்ளும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். எஞ்சின் ஆவியில் கலந்து வரும் எண்ணெயைத் தாங்காத ரப்பருக்கும் அதே கதிதான்.

ஒன்-வே வால்வைக் கழற்றி வாயால் சோதிக்கலாம். பூஸ்டர் பக்க முனையில் ஊதினால் காற்று எஞ்சின் பக்கம் போக வேண்டும், எஞ்சின் பக்க முனையில் ஊதினால் போகவே கூடாது. கொஞ்சம் போனாலும் வால்வை மாற்றிவிடுங்கள். வால்வு உட்காருகிற ரப்பர் வாஷரையும் சேர்த்து மாற்றுங்கள், பழசு இறுகி வெடித்திருக்கும். முட்டம், குளச்சல் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் கிளாம்பையும் திருப்பிப் பாருங்கள். உப்புக்காற்றில் அடிப்பக்கம் துருப்பிடித்து நூலாகியிருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

மிதித்தால் ஐடில் மாறுகிறது, உஸ் என்று சத்தம்

மிதிக்கிற நொடியில் காலடியில் லேசாக ஒரு உஸ் வருவது இயல்பு, வெளிக்காற்று உள்ளே போகிற சத்தம் அது. மிதித்துப் பிடித்திருக்கும்போது சத்தம் நிற்காமல் தொடர்ந்தாலோ, எஞ்சின் தடுமாறினாலோ, டயஃப்ரமோ உள்ளே உள்ள வால்வோ போயிருக்கிறது. ஒரு துணியைச் சுற்றி பிளையரால் ஓஸை மெதுவாக நசுக்கிப் பிடியுங்கள். ஐடில் உடனே சீரானால் கசிவு பூஸ்டரில்தான். அப்போது மட்டும் பூஸ்டர் வாங்குங்கள். இந்தச் சோதனையை நிறுத்திய வண்டியில் மட்டும் செய்யுங்கள், ஓஸை நசுக்கிவிட்டு யாரும் சாலையில் இறங்கக் கூடாது.

பிரேக்கும் சுமார், ஐடிலும் ஏறி இறங்குகிறது

பூஸ்டருக்கு வெளியே எங்கோ காற்று கசிகிறது. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், எஞ்சின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகிற பிசிவி ஓஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், டியூனிங் செய்தவர்கள் அடைக்காமல் விட்ட ஒரு சின்னக் குழாய் முனை. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஸ்கேனர் உள்ளவர்களுக்கு ஒரு வழி. ஏர் ஃப்ளோ சென்சர் உள்ள எஞ்சினில் ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அது காற்றுக் கசிவு. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சர் மட்டும் உள்ள எஞ்சினில் ட்ரிம் அவ்வளவாக மாறாது, ஏனென்றால் கசிந்து வந்த காற்றையும் சென்சர் கணக்கில் எடுத்துக்கொள்கிறது; அங்கே ஐடில்தான் ஏறி நிற்கும். இது தெரியாமல் ட்ரிம் நன்றாக இருக்கிறதே என்று கசிவைத் தேடாமல் விட்டவர்கள் உண்டு. கசிவு தேட கார்ப் கிளீனர் அடிப்பார்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஸ்பிரே பண்ணுங்கள், கசிகிற இடத்தில் பட்டதும் ஐடில் ஒரு நொடி மாறும். ஸ்மோக் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேஜ் ஊசி சொல்கிற மற்ற விஷயங்கள்

கசிவே இல்லை, கேமும் பழைய கேம்தான், ஆனால் ஊசி ஆடாமல் 12, 13இல் நிற்கிறது என்றால் டைமிங். முக்கியமாக டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு பிரேக் கனமானது என்று யாராவது சொன்னால் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தாளத்தில் ஊசி படக் படக் என்று இறங்கி ஏறினால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை, கம்ப்ரஷன் பாருங்கள். 2500இல் பிடித்திருக்கும்போது ஊசி முதலில் நன்றாக இருந்து, ஒரு நிமிஷத்தில் பைய பையக் குறைந்துகொண்டே வந்தால் எக்ஸாஸ்ட் எங்கோ அடைத்திருக்கிறது, பெரும்பாலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.

ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்த உடனே பிரேக் பிடித்தால் கல்

டர்போ வண்டி. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற காற்றழுத்தம் ஏறும்போது மேனிஃபோல்டில் இழுவை இல்லை, தள்ளுதான். ஒன்-வே வால்வு முழுதாக மூடினால் பூஸ்டருக்குள் இருப்பது பத்திரம். கொஞ்சம் கசிந்தாலும் உள்ளே உள்ள வேக்குவம் போய்விடும், சரியாக நீங்கள் வேகத்தில் இருக்கிற நேரத்தில். எஞ்சின் கம்ப்யூட்டரை (ஈசியூ) ரீமேப் செய்து பூஸ்ட் கூட்டியவர்கள் இந்த வால்வையும் கிளாம்புகளையும் அந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

டீசலுக்குக் கதை வேறு. பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை அடக்குகிற த்ராட்டில் அதில் கிடையாது, அதனால் தனி வேக்குவம் பம்ப் இருக்கும், பெரும்பாலும் கேம்ஷாஃப்டிலோ ஆல்டர்னேட்டரிலோ ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்து வெகுநேரம் கழித்துத்தான் பெடல் இளகுகிறது என்றால் பம்பையும் அதற்கு எண்ணெய் வருகிற வழியையும் பாருங்கள்.

பிரேக் ஆயில் குறைகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை

மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஆயில் நேராக பூஸ்டருக்குள் போகும், அங்கிருந்து எஞ்சின் உறிஞ்சி எரிக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றிய ஒரு வண்டியை நானே பார்த்திருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேருகிற இடத்துக்கு அடியில் விரல் வைத்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஈரமாக இருந்தால் அதுதான். சீலை மாற்றுவதோடு விடாமல் பூஸ்டருக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மிதித்து விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடி இருக்கிறது

மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் இரண்டு மூன்று சுற்று தளர்த்திப் பாருங்கள். சக்கரம் விடுபட்டால் பூஸ்டரில் இருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிற புஷ் ராட் நீளம் அதிகம், அல்லது பூஸ்டர் முழுதாகத் திரும்பவில்லை. வேறு வண்டியின் பூஸ்டரை வாங்கிப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். விடுபடவில்லை என்றால் பிரச்சினை மாஸ்டர் சிலிண்டரிலோ, சக்கரத்துப் பக்கம் ரப்பர் ஓஸிலோ, காலிப்பரிலோ. பார்த்த பிறகு நட்டைத் திரும்ப முறுக்க மறக்காதீர்கள்.

பெடல் பஞ்சு மாதிரி போகிறது என்றால் அது வேக்குவம் இல்லை, லைனில் காற்று அல்லது கொதித்த ஆயில். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் குடித்த பிறகு 155தான். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். வேக்குவமும் சரி, மூன்று சோதனையும் சரி, பெடலும் இயல்பு, ஆனாலும் காலை முதல் பிரேக்கில் வண்டி வழுக்குகிறது என்றால் ரேஸ் பேட் போட்டிருப்பீர்கள், அது சூடாகாமல் பிடிக்காது.

இன்னொன்று, பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டப்பாவில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஓடும்போது பூஸ்டர் செத்துப்போனால் பதறி பம்ப் பண்ணாதீர்கள். பிரேக் இருக்கிறது, உதவிதான் இல்லை. முழு பலத்தோடு ஒரே மிதியாக மிதித்து, கியரைக் குறைத்து நிறுத்துங்கள்.

தம்பியின் வண்டிக்கு ஓஸ், ஒன்-வே வால்வு, அதன் வாஷர் மூன்றும் மாற்றினோம். பூஸ்டர் பக்கமும் 11 வந்தது. டைமிங்கையும் ஐடிலையும் சரி செய்ததில் 13 ஆனது. கேமை விட அவனுக்கு மனசில்லை, எனவே எலக்ட்ரிக் பம்ப் வைத்து, 15க்குக் கீழே போனால் ஓடி 20இல் நிற்கும்படி சுவிட்ச் போட்டோம். முதலில் மாட்டியிருந்த பூஸ்டரை டிக்கியிலேயே வைத்திருந்தான், அதில் ஒரு குறையும் இல்லை. "உனக்க பழைய பூஸ்டரயே மாட்டிக்கோ மக்கா, அதுக்கு ஒண்ணும் ஆகல" என்று அதையே திரும்ப ஏற்றிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து கொடைக்கானலில் இருந்து போன் பண்ணினான், பம்ப் நிற்காமல் ஓடுகிறது அண்ணே என்று. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் ஒரு இன்ச் போகும். கொடைக்கானல் 2,100 மீட்டர், அங்கே வெளிக்காற்றே 30க்குப் பதில் 23 இன்ச்தான், பம்ப் எப்படி 20ஐ எட்டும்? பம்ப் இல்லாமல் போயிருந்தால் இங்கே 13 காட்டிய எஞ்சின் அங்கே ஐந்தாறுதான் காட்டியிருக்கும், அந்த வளைவுகளில் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இறங்கி வரும்வரை ஓடட்டும், பியூஸை மட்டும் கழற்றிவிடாதே என்று சொன்னேன். ஊருக்கு வந்ததும் சுவிட்சை 18இல் நிற்கும்படி மாற்றி வைத்தோம்.